மானிடவியல் விருதுகளும் நாமும்

எந்த அறிவுத் துறையும் தான் உயர்வாக மதிப்பது யாது என்பதைத் தான் வழங்கும் விருதுகளின் வாயிலாக உலகுக்கு உணர்த்துகிறது. மனிதரையும் அவர்தம் வாழ்க்கை முறைகளையும் ஆராயும் மானிடவியலும் இதற்கு விலக்கன்று. நெடுங்காலமாகப் பிறரால் ஆராயப்பட்டே வந்த சமுதாயத்தினராகிய நாம், அத்துறையின் விருது வரலாற்றை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாததாகும்.

இலண்டனிலுள்ள அரச மானிடவியல் கழகத்தின் ஹக்ஸ்லி நினைவுச் சொற்பொழிவு 1900-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டே அம்மேடையில் உரையாற்றியவர் பிரான்சிஸ் கால்டன். தக்க பிறப்புகளைப் பெருக்கி மனித இனத்தை மேம்படுத்தலாம் என்பது அவர் கொள்கை. பிறப்பைக் கொண்டு தகுதியை அளந்த அக்கொள்கை, பிற்காலத்தில் பல நாடுகளின் கட்டாயக் கருத்தடைச் சட்டங்களுக்குத் துணை நின்றது. அதே ஹக்ஸ்லி சிறப்பு 1965-இல் லெவி-ஸ்ட்ராஸுக்குக் கிடைத்தது. இவரோ இனங்களுக்குள் உயர்வு தாழ்வு கற்பிப்பதை மறுத்து, 1952-இல் யுனெஸ்கோவுக்காக நூல் எழுதியவர். சாதி பற்றிய ஆராய்ச்சியால் புகழ்பெற்ற எம்.என். சீனிவாஸ் 1976-இல் அச்சிறப்பைப் பெற்றார். மேடை ஒன்றே, அங்கு மதிக்கப்பெற்ற கருத்துகளோ வேறு வேறு. சிறப்புப் பெற்ற கருத்தெல்லாம் உண்மையாகிவிடாது என்பது நாம் கற்கும் முதற்பாடம்.

அக்கழகம் வழங்கும் மற்றொரு விருது ரிவர்ஸ் நினைவுப் பதக்கம். ரிவர்ஸ் என்பார் நம் நீலகிரிக்கு வந்து, தோடர்களிடம் அவர்தம் வழக்கங்களையும் குடிவழிகளையும் கேட்டறிந்து, 1906-இல் பெருநூலொன்றை வெளியிட்டவர். அவர் உழைப்பு போற்றத்தக்கதே. எனினும் பதக்கம் தாங்கி நிற்பது கேட்டு எழுதியவரின் பெயரை. அறிவை வழங்கிய மக்களின் பெயரையன்று. இஃது இரண்டாம் பாடம்.

இந்நிலை மாறவும் கூடும் என்பதற்கு அமெரிக்கக் கறுப்பின அறிஞர் செயின்ட் கிளேர் டிரேக் சான்றாவார். சிகாகோ நகரின் கறுப்பின மக்கள் வாழ்வைப் பற்றி ஹொரேஸ் கேட்டன் என்பாருடன் இணைந்து அவர் எழுதிய பெருநூல் 1945-இல் வெளிவந்தது. பயன்பாட்டு மானிடவியல் கழகத்தின் மாலினோவ்ஸ்கி விருது 1990-இல் அவரை வந்தடைந்தது. ஆராயப்பட்ட மக்களுள் ஒருவரே ஆராய்ச்சியாளராக நின்று பெற்ற சிறப்பு அது.

இவ்வழியில் அவருக்கும் முன்னோடி நம் அண்ணல் அம்பேத்கர். 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், இந்தியச் சாதிகளைப் பற்றிய கட்டுரையை அவர் படித்தார். அப்போது அவருக்கு அகவை 25. சாதிக்கு அடிப்படை இனவேறுபாடன்று, அகமணமே என அவர் நிறுவினார். ரிஸ்லி முதலிய பேரறிஞர்களின் கொள்கைகளையும் அஞ்சாது ஆராய்ந்து மறுத்தார். அப்பல்கலைக்கழகம் 1952-இல் அவருக்கு வழங்கிய மதிப்புறு முனைவர் பட்டம் சட்டத்திற்கானது. ஆயினும் அம்மானிடவியல் கட்டுரை, பதக்கம் எதனையும் சாராமல், நூறாண்டு கடந்தும் கற்கப்பட்டு வருகிறது.

இளைஞர்களே! விருதுகளை நாம் வெறுக்கவும் வேண்டா. அவற்றின்முன் மயங்கி நிற்கவும் வேண்டா. நம் முதியோர் நினைவிலுள்ள தொழில், வழிபாடு, பாட்டு, நிலம், போராட்டம் ஆகியவற்றின் செய்திகள் அவர்களோடு மறைந்துவிடாமல் எழுதி வைத்தல் நம் கடமை. கல்வி நம் கையில் தந்திருக்கும் எழுதுகோல், நம்மைப் பற்றிய உண்மையை நாமே எழுதுதற்குப் பயன்படுவதாகுக!