வகுக்கச் சொல்லாமலே வகுத்த கம்பைலர்

2008 மார்ச்சில் ஜிசிசி கம்பைலரின் 4.3 பதிப்பு வெளிவந்தது. அதைக் கொண்டு 32 பிட் கணினிகளுக்கு லினக்ஸ் கெர்னலைக் கட்டியவர்களுக்கு ஒரு திகைப்பு காத்திருந்தது. அவர்கள் வகுத்தலே எழுதாத இடத்தில், கம்பைலர் வகுத்தலுக்கான செயற்கூறு ஒன்றைக் கேட்டது.

சிக்கல் நேரக் கணக்கில் இருந்தது. நானோநொடிகள் 100 கோடியை எட்டினால் அதைக் கழித்துவிட்டு ஒரு நொடியைக் கூட்டும் சிறிய லூப் அது. ஒருமுறை, இருமுறைக்கு மேல் அநேகமாகச் சுற்றாது என்பது எழுதியவருக்குத் தெரியும், கம்பைலருக்குத் தெரியாது. எத்தனை முறை கழிப்பது, ஒரேயடியாக வகுத்துவிடலாமே என்று மாற்றிவிட்டது. விடை சரிதான். ஆனால் 64 பிட் எண்ணை வகுக்க 32 பிட் செயலியில் ஜிசிசி தன் துணை நூலகமான லிப்ஜிசிசியை நாடும். எக்ஸ்86 கெர்னலோ அந்த நூலகத்தைச் சேர்ப்பதே இல்லை. மெதுவான வகுத்தல் தெரியாமல் நுழைந்துவிடக் கூடாது, வேண்டுமென்றால் டூ_டிவ் என்று வெளிப்படையாக எழுத வேண்டும் என்பது அங்கே கட்டுப்பாடு. நல்ல கட்டுப்பாடு.

கெர்னலின் மையப்பகுதியில் இது நேர்ந்தால் இணைக்கும்போதே வேலை நின்றுவிடும். மாட்யூலில் நேர்ந்தால் தலைவலி பின்னால் வரலாம். 2002-ல் ரஸ்டி ரசல் மாட்யூல் ஏற்றும் முறையைத் திருத்தி எழுதியதிலிருந்து, கடைசிக்கட்ட இணைப்பு கெர்னலுக்குள்ளேயே நடக்கிறது. மாட்யூல் கேட்ட பெயர் கெர்னலின் பட்டியலில் இல்லையென்றால் 'அன்நோன் சிம்பல்' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு மாட்யூலைத் திருப்பி அனுப்பிவிடும்.

இதற்குக் கண்ட தீர்வு அபாரமானது. லூப்புக்குள் ஒரு வெற்று அசெம்பிளி வரி. அதிலிருந்து ஒரு கட்டளைகூடப் பிறக்காது. ஆனால் 'இந்த எண் இங்கே மாறியிருக்கலாம்' என்று கம்பைலரை எண்ணவைக்கும். அதற்குப் பிறகு லூப்பை வகுத்தலாக மாற்ற அதனால் முடியாது. காரணத்தைச் சொல்லும் குறிப்பையும் அங்கேயே எழுதிவைத்தார்கள்.

வேறு சமயங்களில் கெர்னல் இறங்கிவந்தது. இரண்டு நினைவகப் பகுதிகள் ஒன்றா என்று மட்டும் பார்க்கும் மெம்கம்ப் அழைப்பை கிளாங் கம்பைலர் பிகம்ப் ஆக்கியது. போசிக்ஸ் தரநிலை 2008-லேயே கைவிட்ட அந்தச் செயற்கூறு 2019-ல் கெர்னலுக்குள் இடம்பிடித்தது. இதே காரணத்தால் 2020-ல் எஸ்டிபிசிபை என்ற செயற்கூறும் வந்தது. அதை நிரலாளர்கள் தாங்களாக அழைத்துவிடக் கூடாதென்று பொதுத் தலைப்புக் கோப்பில் அறிவிக்காமலே விட்டார்கள்.

டிரைவர் எழுதுகிறவர்கள் வகுத்தலுக்கான 'அன்நோன் சிம்பல்' பிழையைக் கண்டதும் லிப்ஜிசிசியைக் கொண்டுவந்து ஒட்டவைக்க வேண்டாம். எந்த வரி அந்தப் பெயரைக் கேட்கிறது என்று ஆப்ஜ்டம்ப் கொண்டு முதலில் பாருங்கள். வகுத்தல் உண்மையிலேயே தேவையென்றால் டூ_டிவ் இருக்கிறது.