வீட்டு வரியும் ஒரு பிரதமரின் வீழ்ச்சியும்

மூன்று பொதுத் தேர்தல்களில் தொடர்ந்து வெற்றி பெற்ற பிரித்தானியப் பிரதமர் மார்கிரட் தட்சர் 1990 நவம்பரில் பதவி துறக்க நேர்ந்தது. அதற்கான முக்கிய காரணங்களுள் ஒன்று, உள்ளூராட்சி சபைகளுக்கு மக்கள் செலுத்தும் வரியாகும். வீடுகளை மீண்டும் மதிப்பிட அரசியல்வாதிகள் அஞ்சியதிலிருந்தே இந்தக் கதை தொடங்குகிறது.

இங்கிலாந்தில் 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், வறியோரைப் பராமரிப்பதற்காக ஊரவரின் ஆதனங்கள் மீது வரி அறவிட வழிசெய்தது. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கணித்து, அதன் மீது வரி வீதம் விதிப்பதே பின்னர் நிலைபெற்ற முறை. ஆங்கிலேயர் இதனை இலங்கைக்கும் கொண்டுவந்தனர். அரச ஆவணங்களில் ஆதனவரி என்றும் யாழ்ப்பாணத்தார் பேச்சில் சோலைவரி என்றும் வழங்கப்படுவது, ஆண்டுப் பெறுமதியை அடிப்படையாகக் கொண்ட இந்த வரியே.

இம்முறை நியாயமாக இயங்க வேண்டுமாயின், மதிப்பீடு காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்பட வேண்டும். இங்கிலாந்தில் 1973இல் செய்யப்பட்ட மதிப்பீட்டின் பின்னர் அது ஒத்திவைக்கப்பட்டே வந்தது. ஸ்கொட்லாந்தில் 1985இல் மறுமதிப்பீடு நடைபெற்றபோது பலரது வரி திடீரென உயர்ந்தது. ஆளும் கட்சியின் ஆதரவாளர்களான வீட்டு உரிமையாளர்களே கொதித்தெழுந்தனர். இங்கிலாந்திலும் இது நிகழ்ந்துவிடும் என்று அஞ்சிய அரசாங்கம், வரியையே மாற்ற முடிவு செய்தது.

பெரிய வீட்டில் தனியே வாழும் விதவை ஒருத்தியும், நால்வர் உழைக்கும் அயல்வீட்டுக் குடும்பமும் ஒரே வரியைச் செலுத்துவது நியாயமா என்பதே அரசின் வாதம். கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் கண்ட தீர்வு, வளர்ந்தோர் ஒவ்வொருவரிடமும் ஒரே தொகையை அறவிடும் தலைவரி! ஸ்கொட்லாந்தில் 1989 ஏப்ரலிலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990 ஏப்ரலிலும் அது நடைமுறைக்கு வந்தது. மாளிகையில் வாழும் பிரபுவுக்கும் அவரது தோட்டக்காரனுக்கும் ஒரே தொகை. வறியோருக்குச் சலுகை இருந்தபோதிலும், பெரும்பாலானோர் ஐந்தில் ஒரு பங்கையாவது செலுத்த வேண்டியிருந்தது.

தலைவரியின் விளைவை வரலாறு முன்னரே காட்டியிருந்தது. 1381இல் இங்கிலாந்தின் விவசாயிகள் லண்டனுக்குள் புகுந்ததும் அதன் காரணமாகவே. இலங்கையில் 1848இல், ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய் அல்லது பணம் செலுத்து என்று ஆண்களுக்கு விதித்த சட்டம், மாத்தளைக் கிளர்ச்சியைத் தூண்டிய காரணங்களுள் ஒன்றாயிற்று.

1990 மார்ச் 31இல் லண்டன் ட்ரஃபல்கார் சதுக்கத்தில் பெருங்கலவரம் வெடித்தது. பல இலட்சம் பேர் வரி செலுத்த மறுத்தனர். தட்சர் விலகிய பின்னர், 1991 வரவு செலவுத் திட்டத்தில் ஜோன் மேஜரின் அரசு இவ்வரியை ஆளுக்கு 140 பவுண் குறைத்தது. அதனை ஈடுசெய்யப் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 17.5 வீதமாக உயர்த்தப்பட்டது.

1993இல் வந்த புதிய சபை வரி மீண்டும் வீட்டின் பெறுமதிக்கே திரும்பியது. தனியே வாழ்வோருக்கு 25 வீதக் கழிவு கிடைத்தது. விதவையின் குறை இவ்வளவு எளிதாகத் தீர்ந்தது. ஆனால் வீடுகள் எட்டு வகுப்புகளாகவே பிரிக்கப்பட்டன. இங்கிலாந்தில் 40,000 பவுண் வரை பெறுமதியான வீடு முதல் வகுப்பு. 320,000 பவுணுக்கு மேற்பட்டவை யாவும் இறுதி வகுப்பு. பெறுமதியில் எட்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். வரியிலோ மூன்று மடங்கே.

வேல்ஸ் 2005இல் புதிய மதிப்பீட்டுக்கு மாறியது. அதே ஆண்டில் இங்கிலாந்து தனது மறுமதிப்பீட்டை ஒத்திவைத்தது. 1991 ஏப்ரல் மாதப் பெறுமதியே இன்றும் அங்கு அடிப்படை. அதன்பின் வீட்டு விலைகள் லண்டனில் ஏறியதுபோல் வடக்கின் நகரங்களில் ஏறவில்லை என்பதைப் பழைய பட்டியல் அறியாது.

மறுமதிப்பீடு என்றாலே வரி உயர்வு என்று மக்கள் அஞ்சுகின்றனர். சபைக்குத் தேவையான மொத்தத் தொகை மாறாவிடில், சிலருக்கு வரி கூடும், சிலருக்குக் குறையும். கூடியவரின் குரல் வீதிக்கு வரும், குறைந்தவர் மௌனமாயிருப்பார். ஆகவே அரசியல்வாதி ஒத்திவைக்கிறார். ஒத்திவைக்கும் ஒவ்வோராண்டும் மதிப்புக் குறைந்த வீட்டில் இருப்பவர், மதிப்பேறிய வீட்டுக்காரரின் பங்கையும் சேர்த்துச் செலுத்துகிறார்.

குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை மதிப்பீடு நடந்தே தீரும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். உயர்வைப் படிப்படியாக அமுல்படுத்தவும், மேன்முறையீடு செய்யவும் வழி இருக்க வேண்டும். கொழும்பாயினும் யாழ்ப்பாணமாயினும் லண்டனாயினும், வரி வீதத்தைப் பற்றி வாதிடும் முன் மதிப்பீட்டுப் பட்டியலின் வயதைக் கேட்பதே வீட்டுக்காரருக்கு நன்மை தரும்.