எதிர்ப்பொருளின் உடல்

ஆன்டிபாடி என்ற சொல்லுக்குள் ஓர் உடல் இருக்கிறது. நாம் அதை ‘எதிர்ப்பொருள்’ என்று தமிழாக்கியபோது உடல் போய்ப் பொருள் வந்து உட்கார்ந்துகொண்டது. தமிழ் படித்தவன் என்பதால் இந்த இடமாற்றம் எனக்கு உறுத்துகிறது. இது சும்மா கலைச்சொல் சிக்கல்தானா?

தொண்டை அடைப்பான் நோயை எடுத்துக்கொள்வோம். கொல்வது கிருமி கக்கும் நஞ்சுதான் என்பதை 1888இல் ரூவும் யெர்சினும் நிறுவினார்கள். ரத்தநீரால் அந்நஞ்சை முறிக்க முடியும் என்பது 1890இல் பெரிங், கிதசாட்டோ ஆய்வுகளில் தெரியவந்தது. 1901இன் நோபல் பரிசு பெரிங்குக்கு மட்டும் போச்சு. இதற்கிடையில் குதிரைகளுக்கு நஞ்சைச் சிறுகச் சிறுக ஏற்றி, ரத்தம் வடித்து, நச்சுமுறி எடுக்கும் தொழில் பெருகிவிட்டது.

ஆனால் ஒரே பெயரும் ஒரே உருவமும் கொண்ட இக்கிருமிகள் எல்லாமே நஞ்சு கக்குவதில்லை. ஒருவகை வைரஸ் உள்ளே குடியேறியவைதான் கக்கும் என்பது 1951இல் தெரிந்தது. ஆக, கிருமியின் குலத்தைக் கேட்டுப் பயனில்லை. செயலைத்தான் கேட்க வேண்டும். முன்பு கினிப்பன்றிக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். செத்தால் நஞ்சு உண்டு. 1948இல் எலெக் வேறு வழி சொன்னார். நச்சுமுறியில் நனைத்த தாள் துண்டை அகார்க் கூழில் பதித்து, குறுக்கே கிருமியைக் கோடாக இழுத்துவிட வேண்டும். நஞ்சும் நச்சுமுறியும் சந்திக்கிற இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். சாவு இருந்த இடத்தில் ஒரு கோடு. முன்னேற்றம்தான், நான் மறுக்கவில்லை.

சரி, அந்தத் தாள் எதில் நனைந்தது? குதிரையின் ரத்தநீரில். கினிப்பன்றியின் சாவு கண்முன் நடந்தது. குதிரையின் ரத்தம் கண்ணுக்கு எட்டாத லாயத்தில் வடிந்தது. வன்முறை இடம் மாறியது, அவ்வளவுதான்.

பெயர் தெரிந்த குதிரை ஒன்று உண்டு: செயின்ட் லூயிஸ் நகரத்து ஜிம். பால்வண்டி இழுத்த குதிரை. 1901இல் அதற்கு டெட்டனஸ் கண்டது. அதன் ரத்தநீரிலிருந்து எடுத்த மருந்தால் 13 குழந்தைகள் இறந்தார்கள். மறுவருஷமே அமெரிக்காவில் இத்தகைய மருந்துகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. பழி விழுந்ததால்தான் ஜிம்மின் பெயர் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பிழைத்த குழந்தைகளுக்கு ரத்தம் கொடுத்த குதிரைகள் பெரும்பாலும் பெயரற்றே போயின. ஆலையில் விபத்து நடந்தால் மட்டும் கூலியாளின் பெயர் பத்திரிகையில் வருவதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை.

தொண்டை அடைப்பானுக்கான நச்சுமுறி இன்றும் குதிரையிடமிருந்துதான் வருகிறது. எதிர்ப்பொருள் என்றே எழுதுவோம். யாருடைய உடல் பொருளாச்சு என்ற கேள்வியையும் கூடவே எழுதுவோம்.