அழுவதற்கு இடமில்லாத உறுதி: சயாம் மரண ரயிலும் தோட்டத்துப் பெண்களும்

மலாயாத் தமிழர் வரலாற்றில் 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சிக்காலம் பெரும்பாலும் ஆண்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சயாம்–பர்மா ரயில்பாதை பற்றிய நூல்கள் அங்குச் சென்றவர்களையும் மாண்டவர்களையும் கணக்கிடுகின்றன. தோட்டங்களில் எஞ்சிய பெண்களோ, துணிவுடன் குடும்பத்தைக் காத்தவர்கள் என்னும் ஒரு வாக்கியத்தோடு கடந்து செல்லப்படுகின்றனர். அப்பாராட்டு பொய்யன்று. ஆயினும், அவ்வுறுதியின் பொருட்டு அப்பெண்கள் எதனை இழந்தனர் என்பதை அது மறைத்துவிடுகின்றது. இக்கட்டுரை அவ்விழப்பை நோக்க முற்படுகின்றது.

தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதையின் பணி 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் நிறைவுற்றது. பணியை விரைவுபடுத்தும் பொருட்டு, 1943 ஏப்ரல் தொடங்கி மலாயாத் தோட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் பெருமளவில் திரட்டப்பட்டனர். மூன்று மாத வேலை, நல்ல கூலி, இலவச உணவு என்று ஆசை காட்டியே முதலில் ஆள் சேர்த்தனர். பின்னர் வலிந்து பிடித்துச் சென்றனர். போருக்குப்பின் தொகுக்கப்பட்ட பிரிட்டிஷ் கணக்கு, மலாயாவிலிருந்து சென்றோர் தொகையை ஏறத்தாழ 78,000 எனக் காட்டுகிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். சில குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளுடனேயே கொண்டு செல்லப்பட்டதும் உண்டு.

எஞ்சிய பெண்களின் நிலையை உணர, போருக்கு முந்தைய ஒரு செய்தியையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். 1938இல் இந்திய அரசு, தோட்ட வேலைக்கெனத் தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதைத் தடை செய்தது. 1941 டிசம்பரில் மூண்ட போர் கப்பலையும் கடிதத்தையும் நிறுத்தியது. கணவனை இழந்த பெண் ஊருக்குத் திரும்பித் தாய்வீட்டில் ஒடுங்குவதற்கோ, ஊரிலிருந்து அண்ணனோ தம்பியோ வந்து துணை நிற்பதற்கோ வழியில்லாது போயிற்று. ரப்பருக்குச் சந்தை இல்லாமையால் தோட்டங்கள் பலவற்றில் பால்வெட்டு நின்றது. அரிசி அருகியது. லயத்தின் பின்புறத்து நிலத்தைக் கொத்தி மரவள்ளி நட்டவளும், சாக்குத் துணியைத் தைத்துப் பிள்ளைக்கு உடுத்தியவளும், புண்ணும் மலேரியாவும் கண்ட பிள்ளைக்கு மருந்தின்றி விழித்திருந்தவளும் ஒருத்தியே. அவள் உறுதியாக இருந்தாள் என்பதைவிட, உறுதியாக இருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை என்பதே பொருந்தும்.

இங்கு ஒப்பாரியைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறல் தகும். தமிழ்ப் பெண் துயரை வாய்மூடிப் பொறுப்பவள் என்னும் கருத்து நம்மிடையே எளிதாகப் புழங்குகிறது. ஆனால் நம் மரபு அவ்வாறு அமைந்ததன்று. சாவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து, மாரடித்து, இறந்தவனைப் போற்றியும் ஏசியும், தன்னை விட்டுப்போனதற்குக் கணக்குக் கேட்டும் பாட அம்மரபு உரிமை தந்திருந்தது. அன்று எவரும் அவளைத் தைரியமாக இரு என்று அடக்குவதில்லை. மற்றைய நாட்களில் சுமந்ததையெல்லாம் இறக்கிவைக்கும் இடம் அது. தோட்டப்புறத்திற்கும் அது பெண்களோடு கப்பலேறி வந்தது. அவ்வழுகைக்கு ஒரு பிணமோ, குறைந்தது உறுதியான ஒரு சாவுச் செய்தியோ வேண்டும். சயாமுக்குப் போனவர்களைப் பொறுத்தவரை பலருக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. செய்தி வராத வீட்டில் ஒப்பாரி வைத்தால், உயிரோடிருப்பவனைச் சாகச் சொல்வதாகிவிடும். தாலியைக் கழற்றுவதா, வேண்டாவா என்னும் வினாவும் அவ்வாறே தொங்கி நின்றது. எந்த நாளில் காத்திருத்தலை நிறுத்துவது என்னும் முடிவை அவள் தனியளாகவே எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தபின் அம்முடிவின் குற்றவுணர்வும் அவளுடையதே. உழைப்பின் சுமையைவிட இதுவே கொடியது என்பது என் கருத்து.

காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 நேச நாட்டுக் கைதிகள் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல்லும் உண்டு. அதே பாதையில் அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக மாண்ட ஆசியத் தொழிலாளர்களுக்கு அத்தகைய தனிக் கல்லறைகள் இல்லை. ஒரு மனைவி போய் நின்று அழத்தக்க இடம் அவளுக்குப் பின்னரும் அமையவில்லை.

இக்காலத்துப் பெண்களைப் பற்றிய பேச்சு ஜான்சி ராணிப் படையை நோக்கியே பெரிதும் செல்வதும் நோக்கத்தக்கது. 1943இல் சிங்கப்பூரில் டாக்டர் லட்சுமி தலைமையில் அமைந்த அப்படையில் தோட்டப்புறத்து இளம்பெண்கள் பலர் சேர்ந்தனர். அவர்தம் வீரம் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆயினும் துப்பாக்கி ஏந்திய பெண்ணுக்குப் படமும் பெயரும் கிடைத்தன. மரவள்ளி கொத்தியவளின் உறுதிக்குச் சீருடை இல்லை. அது முடியும் நாளும் குறிக்கப்படவில்லை.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பினர். வாழைமர நோட்டு வெறுங்காகிதமாயிற்று. சயாமிலிருந்து சிறுகச் சிறுக மீண்டவர்களிடம், தம் கணவனைக் கண்டதுண்டா என்று பெண்கள் விசாரித்தனர். விடியற்காலைப் பெரட்டுக்கு மீண்டும் மணி அடித்தது; ஆணைவிடக் குறைந்த கூலிக்கு அவர்கள் மீண்டும் மரம் வெட்டப் போயினர்.

இவ்வரலாற்றை நாவலாக்கிய ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நூலாக வந்தது 1993இல். அதற்குள் ஐம்பதாண்டுகள் ஓடிவிட்டன. அன்று முப்பது வயதில் காத்திருந்தவளுக்கு அப்போது எண்பது. தோட்டப்புறத்தில் வளர்ந்தோர் பலர், அத்தகைய ஒரு பாட்டியை அறிந்திருப்பர்: பிறர் வீட்டுச் சாவில் முதல் ஆளாய் ஓடிப்போய் ஒப்பாரி வைப்பவள், தன் கணவனைப் பற்றிக் கேட்டால் ‘சயாமுக்குப் போனாரு’ என்பதோடு நிறுத்திக்கொள்பவள்.