நெதர்லாந்தை உலுக்கிய நைட்ரஜன் வரைபடம்: ஒரு காடு எவ்வளவு மாசைத் தாங்கும்னு எப்படிக் கணக்கிடுறாங்க?

2022 ஜூன் 10. நெதர்லாந்து அரசு ஒரு வரைபடத்தை வெளியிட்டது. 2030-க்குள் எந்தப் பகுதியில் எவ்வளவு நைட்ரஜன் மாசைக் குறைக்க வேண்டும் என்று அதில் நிறம் போட்டுக் காட்டியிருந்தார்கள். சில இடங்களில் 12 சதவீதம், சில இடங்களில் 47 சதவீதம். பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளை நெருங்க நெருங்க 70, 95 சதவீதம்.

தங்கள் பண்ணை எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்த விவசாயிகள், டிராக்டர்களோடு நெடுஞ்சாலைகளை மறித்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் நடந்த மாகாணத் தேர்தலில் விவசாயிகள் ஆதரவுக் கட்சியான பிபிபி அதிக வாக்குகளை அள்ளியது.

ஒரு வரைபடத்துக்கு இவ்வளவு சக்தியா? அது எப்படித் தயாராகிறது? எவ்வளவு நம்பலாம்?

நைட்ரஜன் நல்லதுதானே?

பயிருக்கு நல்லதுதான். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. மாட்டுச் சாணம், சிறுநீரில் இருந்து அமோனியா வாயு கிளம்புகிறது. வாகனம், தொழிற்சாலைப் புகையில் இருந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் வருகின்றன. இவை காற்றில் பயணம் செய்து, மழையோடும் மழை இல்லாமலும் காட்டிலும் சதுப்பு நிலத்திலும் படிகின்றன. யாருமே கேட்காத உரம்!

சத்துக் குறைவான மண்ணில் வாழப் பழகிய செடிகளை, நைட்ரஜனை விரும்பும் புல்லும் காஞ்சொறி வகைச் செடிகளும் மூடிவிடுகின்றன. மண் அமிலமாகி, சுண்ணாம்புச் சத்தும் கரைந்து போகிறது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் நத்தைகள் குறையும். முட்டை ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்பை நத்தை ஓட்டில் இருந்து பெறும் கிரேட் டிட் என்ற சிறு பறவையின் முட்டைகள், டச்சுக் காடுகளில் மெல்லிய ஓட்டோடு உடைந்துபோனதை 1990-களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

'தாங்கும் வரம்பு' என்றால் என்ன?

ஒரு நிலத்தில் ஆண்டுக்கு எவ்வளவு மாசு படியும்வரை குறிப்பிடத்தக்க கெடுதல் வராது? அந்த அளவுதான் தாங்கும் வரம்பு. விஞ்ஞானிகள் இதைக் 'கிரிட்டிக்கல் லோடு' என்கிறார்கள்.

மழைநீரை மட்டுமே நம்பி வாழும் பாசிச் சதுப்பு நிலத்துக்கு இந்த வரம்பு, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 5 முதல் 10 கிலோ நைட்ரஜன். நம்ம ஊர்க் கணக்கில் பார்த்தால், 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் சுமார் 20 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. அதாவது, இரண்டரை ஏக்கர் சதுப்புக்கு ஆண்டு முழுவதற்கும் அரை மூட்டை வந்தாலே எல்லை தொட்டாச்சு.

வரைபடம் எப்படித் தயாராகிறது?

மூன்று படிகள்.

1. எந்த இடத்தில் என்ன வகை மண், என்ன வகைத் தாவரம் என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தாங்கும் வரம்பை நிர்ணயிக்கிறார்கள். இதற்கு இரண்டு வழிகள். சிறு நிலத்துண்டுகளில் பல ஆண்டுகள் நைட்ரஜன் தூவி என்ன மாறுகிறது என்று கவனிப்பது ஒன்று. மரம் எவ்வளவு உறிஞ்சும், மண்ணில் இருந்து எவ்வளவு கசியும் என்று வரவு செலவுக் கணக்குப் போடுவது இன்னொன்று.

2. எங்கே எவ்வளவு மாசு கிளம்புகிறது, காற்று அதை எங்கே கொண்டுபோய்ப் படிய வைக்கிறது என்று கணினி மாதிரி கணக்கிடும்.

3. இரண்டாவதில் இருந்து முதலாவதைக் கழிப்பார்கள். மிச்சம் இருந்தால் அந்த இடம் வரம்பு மீறியது. வரைபடத்தில் தனி நிறம்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

அமில மழையில் இருந்து. பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளின் புகைபோக்கிக் கந்தகம், ஸ்வீடன், நார்வே ஏரிகளில் மீன்களைக் கொன்றுகொண்டிருந்தது. 1979-ல் ஜெனீவாவில் எல்லை தாண்டும் காற்று மாசு குறித்த ஒப்பந்தம் கையெழுத்தானது. 1985-ல் ஹெல்சின்கியில், கந்தகத்தை எல்லோரும் 30 சதவீதம் குறைப்பது என்று முடிவானது. எல்லோருக்கும் ஒரே அளவு.

1994 ஆஸ்லோ உடன்பாடு இதை மாற்றியது. யாருடைய புகை எங்கே படிகிறது, அந்த மண் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, நாட்டுக்கு நாடு வேறு வேறு இலக்கு. அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது, ஆஸ்திரியாவில் உருவான 'ரெயின்ஸ்' என்ற கணினி மாதிரி. இன்று ஐரோப்பாவின் கந்தக டை ஆக்சைடு உமிழ்வு 1980-ல் இருந்ததைவிட 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. அமோனியா மட்டும் அந்த வேகத்தில் குறையவில்லை.

அப்போ நெதர்லாந்தில் என்ன சிக்கல்?

சின்ன நாடு. சுமார் 40 லட்சம் மாடுகள், சுமார் ஒரு கோடி பன்றிகள். பின்னாளில் மாசு குறையும் என்று நம்பி, பண்ணைகளுக்கும் சாலைகளுக்கும் இப்போதே அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது அரசு. கிட்டத்தட்டக் கடன் வாங்கிச் செலவு செய்வது மாதிரி. 2019 மே 29-ல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் இது செல்லாது என்றது. சுமார் 18,000 திட்டங்கள் சிக்கலில் மாட்டின. 2020 மார்ச்சில், நெடுஞ்சாலைகளில் பகல் நேர வேகம் மணிக்கு 100 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது.

அனுமதி கணக்கிடும் மென்பொருளின் பெயர் 'ஏரியஸ்'. நாட்டின் இயற்கைப் பகுதிகளை ஒரு ஹெக்டேர் அறுகோணங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. வரம்பு மீறிய ஓர் அறுகோணத்தில் ஆண்டுக்கு 0.07 கிராம் நைட்ரஜன் கூடும் என்று அது காட்டினாலே திட்டத்துக்குச் சிக்கல் என்ற நிலை வந்தது.

விவசாயிகள் சொல்வதில் நியாயம் இருக்கா?

ஒரு பகுதி இருக்கிறது. இந்தக் கணக்கு முறையை ஆராய அரசு அமைத்த நிபுணர் குழு 2020-ல் அறிக்கை தந்தது. நாடு முழுவதற்கும் படிவைக் கணக்கிட இந்த முறை போதுமானது. ஆனால் ஒரு தனிப் பண்ணைக்கு அனுமதி தரலாமா என்று முடிவு செய்யும் அளவுக்குத் துல்லியம் போதாது என்றது. குழுத் தலைவர் லேன் ஹோர்டைக். அந்த 'ரெயின்ஸ்' மாதிரியை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவரும் இவரேதான்!

அதே நேரம், 'கணக்கே பொய்' என்று அறிக்கை சொல்லவில்லை. காடும் சதுப்பும் தாங்குவதைவிட அதிகம் சுமக்கின்றன என்ற முடிவு அப்படியே நிற்கிறது. 0.07 கிராம் எந்தப் பண்ணையில் இருந்து வந்தது என்பதில்தான் சந்தேகம்.

இனி என்ன?

2025 ஜனவரியில் ஹேக் நீதிமன்றம், நைட்ரஜனால் பாதிக்கப்படக்கூடிய இயற்கைப் பகுதிகளில் பாதியையாவது 2030 இறுதிக்குள் தாங்கும் வரம்புக்குள் கொண்டுவர வேண்டும், தவறினால் அரசு 1 கோடி யூரோ அபராதம் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. வழக்குப் போட்டது கிரீன்பீஸ்.

நாடு மொத்தமாக எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை வரைபடம் சொல்லிவிடும். அந்தச் சுமையில் எந்தப் பண்ணைக்கு எவ்வளவு பங்கு என்பதை அரசியல்தான் முடிவு செய்தாக வேண்டும். அந்தக் கேள்வியையும் வரைபடத்தின் தலையில் கட்டியதால்தான் டிராக்டர்கள் சாலைக்கு வந்தன.