63 தோல்விகளில் தொடங்கிய சாம்பியன்

மல்லர் மேடை – 9

சென்ற வாரம் நாம் பார்த்த ரிக்கிடோசன், 1963 டிசம்பரில் இறந்தபோது ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தத்துக்கு இரண்டு வாரிசுகளை விட்டுச் சென்றார். ஒருவர் அந்தோனியோ இனோகி. மற்றவர் ஜயன்ட் பாபா. 1972-ல் இருவரும் தனித்தனியே நிறுவனம் தொடங்கினார்கள். இனோகியினுடையது ‘நியூ ஜப்பான்’, பாபாவினுடையது ‘ஆல் ஜப்பான்’. பாபாவின் பட்டறையில் உருவாகி, மக்கள் மனதில் மிக ஆழமாக இடம்பிடித்த ஒரு மல்லரின் கதை இந்த வாரம். அவர் பெயர் கென்டா கோபாஷி.

கியோட்டோ மாநிலத்தின் ஃபுக்குச்சியாமா நகரில் 1967 மார்ச் 27 அன்று பிறந்தவர். பள்ளியில் ஜூடோ பயின்றார். படிப்பு முடிந்ததும் கியோசெரா நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம், நிலையான வாழ்க்கை. ஆனால் மல்யுத்த ஆசை விடவில்லை. வேலையை உதறிவிட்டு ஆல் ஜப்பானுக்கு விண்ணப்பித்தார். முதலில் நிராகரித்தார்கள். விடாமல் முயன்று, 1987-ல் உள்ளே நுழைந்தார்.

நுழைந்ததும் ரிங்கில் ஏற்றிவிட மாட்டார்கள். சூமோவிலிருந்து வந்த வழக்கம் ஒன்று உண்டு. புதியவர் ஒரு மூத்த மல்லருக்கு உதவியாளராக இருக்க வேண்டும். பெட்டி தூக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், அவர் முதுகு தேய்க்க வேண்டும். அந்தக் காலத்துக் குருகுலவாசம்போல. கோபாஷிக்கு அந்தப் பணி பாபாவிடமே வாய்த்தது. பெரிய விளையாட்டுப் பின்னணியோ பதக்கமோ இல்லாத இளைஞருக்கு, முதலாளியின் நிழலே பள்ளிக்கூடமானது.

1988 பிப்ரவரி 26 அன்று முதல் போட்டியில் தோற்றார். அடுத்ததிலும் தோற்றார். தனிநபர் போட்டிகளில் தொடர்ந்து 63 தோல்விகள். முதல் வெற்றி 1989 மே மாதம்தான் வந்தது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வார் என்பது முன்பே முடிவாகிவிடும். அது தெரிந்ததும் ‘எல்லாம் நடிப்பு’ என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் பலர். நான் அப்படி ஒதுக்க மாட்டேன். முடிவை எழுதி வைக்கலாம், வலியை எழுதி வைக்க முடியாது. விழுகிற உடம்பு நிஜ உடம்பு. வெற்றி யாருக்கு என்று முன்பே தெரிந்த கலையில், தோற்பவர் எப்படித் தோற்கிறார் என்பதுதான் ரசிகரை அழவும் எழவும் வைக்கிறது. அந்த வித்தையைக் கோபாஷி 63 முறை பயின்றார். அடிவாங்கி விழுந்தாலும் முஷ்டியை இறுக்கிக்கொண்டு எழுந்திருப்பார். அரங்கம் அவர் பெயரைச் சொல்லிக் கூவத் தொடங்கியது.

நால்வர் காலம்

1990-ல் கெனிச்சிரோ டென்ரியு உள்ளிட்ட பலர் ஆல் ஜப்பானை விட்டு வெளியேறினார்கள். நிறுவனமே ஆட்டம் கண்டது. பாபா இளைஞர்களை நம்பினார். மிட்சுஹாரு மிசாவா, தோஷியாகி கவாடா, அகிரா டாவுயே, கோபாஷி. இந்த நால்வரைச் சுற்றித்தான் அடுத்த பத்தாண்டு சுழன்றது.

அவர்கள் பாணியில் கோமாளித்தனம் இல்லை, மைக் பிடித்துச் சவால் விடுவது குறைவு. கதை முழுவதும் உடம்பால் சொல்லப்பட்டது. 1995 ஜனவரி 17 அன்று கோபே நிலநடுக்கம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. இரண்டே நாளில், பக்கத்து ஒசாகாவில் கவாடாவும் கோபாஷியும் மோதினார்கள். ஆல் ஜப்பானின் தலைமைப் பட்டமான மும்முடிப் பட்டத்துக்கான அந்தப் போட்டி 60 நிமிடம் முழுதாக நடந்து சமனில் முடிந்தது. பட்டம் கவாடாவிடமே தங்கியது. கோபாஷி கைக்கு எதுவும் வரவில்லை.

அதே ஆண்டு ஜூன் 9, டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கம். ஒரு பக்கம் மிசாவாவும் கோபாஷியும், மறுபக்கம் கவாடாவும் டாவுயேயும். கோபாஷியின் அடிபட்ட காலை எதிரணி குறிவைத்துத் தாக்கியது. நிற்க முடியாத நிலை வந்தபோதும் அவர் ஊர்ந்து சென்று, சரிந்து கிடந்த மிசாவாவின் மேல் படுத்து, அவருக்கு விழ வேண்டிய அடிகளைத் தன் முதுகில் வாங்கினார். ஆனாலும் அன்று கவாடா முதன்முறையாக மிசாவாவை வீழ்த்தினார். இணை தோற்றது. பார்த்தவர்கள் இன்றுவரை பேசுவது தோற்றவரின் முதுகைப் பற்றித்தான். கோபாஷியின் முழு வாழ்க்கையும் அந்த ஒரு காட்சியில் அடங்கும் என்பேன்.

மும்முடிப் பட்டம் 1996 ஜூலை 24 அன்று, டாவுயேயை வென்றபோதுதான் அவரிடம் வந்தது. முதல் போட்டியிலிருந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

735 நாட்கள்

1999 ஜனவரியில் பாபா மறைந்தார். அடுத்த ஆண்டே, நிர்வாகத்துடன் முரண்பட்ட மிசாவா ‘நோவா’ என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். ஆல் ஜப்பானின் மல்லர்களில் பெரும்பாலோர் அவருடன் சென்றார்கள். கோபாஷியும் சென்றார். ஆனால் முழங்கால்கள் தேய்ந்துபோயிருந்தன. 2001-ஆம் ஆண்டு அறுவைச் சிகிச்சைகளிலேயே கழிந்தது.

2003 மார்ச் 1 அன்று, புடோகானில், மிசாவாவையே எதிர்கொண்டார். நுழைவுப் பாதையின் உயரத்திலிருந்து மிசாவா அவரைப் பின்புறமாகத் தூக்கிக் கீழ்த்தளத்தில் எறிந்தார். எழுந்து வந்த கோபாஷி, வாழ்நாளில் விரல்விட்டு எண்ணும் முறைகளே பயன்படுத்திய ‘பர்னிங் ஹேமர்’ பிடியால் நோவாவின் பட்டத்தை வென்றார். 735 நாட்கள், 13 வெற்றிகரமான பாதுகாப்புப் போட்டிகள். ‘அசைக்க முடியாத சாம்பியன்’ என்று ஜப்பான் கொண்டாடியது. பட்டம் கைமாறிய பிறகும் 2005 ஜூலையில் டோக்கியோ டோமில் கென்சுகே சசாகியுடன் மோதினார். இருவரும் நகராமல் நின்று, கையின் விளிம்பால் ஒருவர் மார்பில் மற்றவர் மாறி மாறி அறைந்துகொண்டே இருந்தார்கள். இருவர் மார்பும் சிவந்து கன்றிப்போயின.

ஒற்றைச் சிறுநீரகம்

2006-ல் சிறுநீரகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஜூலையில் வலது சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். ஓய்வு பெறுவதுதான் இயல்பு. 2007 டிசம்பர் 2 அன்று அவர் புடோகானுக்குத் திரும்பினார். இணையாக நின்ற யோஷிஹிரோ தகயாமா, அவரே பக்கவாதத்திலிருந்து மீண்டு வந்தவர். எதிரே மிசாவாவும் ஜுன் அகியாமாவும். ஒன்றரை ஆண்டு காத்திருந்த அரங்கம் அழுதது. அன்றும் கோபாஷி தோற்றார். மிசாவா இரக்கம் காட்டாமல் முழு பலத்துடன் மோதினார். நோயாளியாக நடத்தாமல் மல்லராக நடத்துவதே நண்பனின் மரியாதை.

அந்தப் பாணிக்கு விலையும் இருந்தது. தலையும் கழுத்தும் தரையில் மோதும் வீச்சுகளை இந்தத் தலைமுறை ஆண்டுக்காண்டு கூட்டிக்கொண்டே போனது. 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், ஒரு போட்டியில் பின்புறமாக வீசப்பட்ட மிசாவா எழவே இல்லை. வயது 46. கோபாஷியை நேசிக்கும் எவரும் இந்த மரணத்தைத் தாண்டிப் போக முடியாது. நாம் கைதட்டிய ஒவ்வொரு வீழ்ச்சியும் யாரோ ஒருவருடைய எலும்பில் எழுதப்பட்டது. ரசிகருக்கும் அதில் பங்குண்டு.

2012-ல் காலில் மீண்டும் கடுமையான காயம். அந்த டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். 2013 மே 11 அன்று, புடோகானில் சுமார் 17,000 பேர் முன்னிலையில் கடைசிப் போட்டி நடந்தது. எதிரணியில் நின்ற நால்வரும் ஒரு காலத்தில் அவருக்கு உதவியாளராக இருந்தவர்கள். பாபாவின் பெட்டியைத் தூக்கியவர், தன் பெட்டியைத் தூக்கியவர்களுடன் மோதி விடைபெற்றார். ஏறக்குறைய 40 நிமிடப் போட்டியின் முடிவில், மூலைக்கம்பத்தின் உச்சியிலிருந்து பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து மேலே விழும் ‘மூன்சால்ட்’ வீச்சால் வென்றார். பலமுறை அறுக்கப்பட்ட முழங்கால்களோடு, 46 வயதில்.

மல்யுத்த வரலாற்றில் இவரைவிட அதிகப் பட்டம் வென்றவர்கள் உண்டு. தோல்வியை இவ்வளவு கண்ணியமாகச் சுமந்தவர் வேறொருவரை எனக்குத் தெரியாது. பட்டமே இல்லாத நாட்களிலும் அரங்கம் இவரை நம்பியதற்கு அதுவே காரணம்.

அடுத்த வாரம்: 1976-ல் இதே புடோகானில் முகமது அலியை எதிர்த்து ரிங்கில் இறங்கிய அந்தோனியோ இனோகி.

(தொடரும்)