கீரமங்கலமும் கருதலளவையும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம் என்னும் ஊரைச் சங்கப்புலவராகிய நக்கீரரோடு இயைத்துக் கூறுதல் அவ்வூரார் வழக்கு. ஆண்டுள்ள மெய்நின்றநாதர் திருக்கோயிலின்கண் நக்கீரர்க்குச் சிலையும் உண்டு. இவ்வழக்கினை வரலாற்றுக் கட்டுரையுள் எடுத்தாளப் புகுவார், ‘கீரன் என்னும் பெயர் பெற்றமையின் இது நக்கீரரது ஊரே’ என ஒருதலையாகத் துணிதல் பொருந்துமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

கருதலளவை இருபடித்தாய் நிகழும். அட்டிலிற் புகையும் நெருப்பும் உடனிருத்தலையும், நெருப்பில்லாத நீர்நிலையிற் புகையின்மையையும் பலகாற் கண்டு, ‘புகையுள்வழி நெருப்புண்டு’ எனப் பொதுவிதி கோடல் தொகுத்தறிதலாம். அவ்விதிகொண்டு, மலையிற் புகைகண்டு ஆண்டு நெருப்புண்டெனத் துணிதல் உய்த்தறிதலாம். பௌத்த நூலாகிய மணிமேகலையின் 29ஆம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என உறுப்பு ஐந்து கூறி, இறுதி இரண்டனையும் திட்டாந்தத்துள் அடக்கிற்று. 13ஆம் நூற்றாண்டினராகிய மெய்கண்டதேவரும் சிவஞானபோதத்து 12 சூத்திரப் பொருளையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் நெறியானே நிறுவினார்.

இந்நெறியான் நோக்குங்கால், கீரன் என்னும் பெயர் நக்கீரர் ஒருவர்க்கே உரியதாயின் மேற்கூறிய ஏது நிற்கும். மோசிகீரனார், குட்டுவன் கீரனார் முதலாகச் சங்கத்தொகைகளுள் அப்பெயர் பூண்டார் பலர். ஆகலின் அவ்வேது மேற்கோட் பொருளில் மட்டும் நில்லாது பிறவிடத்தும் சென்று, அநைகாந்திகம் என்னும் போலியாயிற்று.

இவ்வழு நக்கீரர் கதையுள்ளேயே காணக்கிடக்கின்றது. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்து 52ஆம் படலத்துள், மகளிர் கூந்தற்கு மணம் பூவான் வரும் செயற்கையே என்றார் நக்கீரர். கண்ட மகளிர்பாற் றொகுத்த அவ்விதியைத் தெய்வ மகளிர்க்கும், பின்னர்த் திருக்காளத்தி ஞானப்பூங்கோதைக்கும் உய்த்தார். விதியை மெய்யெனக் கொள்ளின் உய்த்த முறையிற் பிழையின்று; காட்சி செல்லாத பொருண்மேலும் அவ்விதி செல்லுமெனக் கொண்டதே பிழையாம். உய்த்தறிதல் விதியின் குற்றத்தை நீக்கமாட்டாது. அதனை முடிபுவரை சுமந்து செல்லும்.

அற்றேல், கீரமங்கலத்தார் வழக்குப் பொய்யாமோ எனின், ஆகாது. ஏது போதாமை மேற்கோளின் பொய்ம்மையை நிறுவுவதன்று. புகை காணாமையான் நெருப்பில்லை எனத் துணிதலும் வழுவே. காய்ந்த இரும்பிற் புகையின்றியும் நெருப்புண்டு. ஆகலின் அதனை ‘ஊரார் வழக்கு’ எனக் குறித்தலே கட்டுரையாளர்க்குக் கடன். கல்வெட்டாதல் பழைய நூலாதல் வலிய ஏதுவாய் வருங்கால் துணிபு தானே தோன்றும். அதுகாறும் அடியார் வழிபாட்டிற்கு அதனான் வரும் இழுக்கு ஒன்றுமில்லை.